பெட்டிக்கு முன் கேரியர்

பைக்கில் நெடுந்தூரம் கிளம்ப நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது பெட்டியைத்தான். பெரிய வண்டிகளுக்கென்று விற்கும் அலுமினியப் பெட்டி ஜோடியும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தால் இருபதாயிரம் ரூபாயை எளிதில் தாண்டிவிடும். 100 சிசி வண்டியை வைத்துக்கொண்டு கொடைக்கானலோ தனுஷ்கோடியோ போய்வர ஆசைப்படுகிறவருக்கு அது வண்டி விலையில் கால் பங்கு. அவரை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. வேண்டியது பழைய பிளாஸ்டிக் கேன் இரண்டு, மூன்று கிலோ இரும்பு பைப், ஒரு வெல்டிங் பட்டறைக்காரரின் அரைநாள், கொஞ்சம் நாடா, கொஞ்சம் பொறுமை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதை மாட்டும் கேரியரைக் கிடைத்த கம்பியில் வளைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். அது தலைகீழ். பெட்டி ஓட்டையானால் துணி நனையும், அவ்வளவுதான். கேரியர் ஒடிந்தால் பெட்டி பின்சக்கரத்துக்குள் போகும். காசு செலவழிக்க வேண்டியது கேரியரில். மிச்சம் பிடிக்க வேண்டியது பெட்டியில்.

நம் ஊரில் இது புதிய வித்தையும் இல்லை. பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு வரப்பு வழியே வருகிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வண்டியின் பக்கவாட்டில் கொக்கி வைத்திருக்கிறார். மீன்காரர் பின்னால் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து கிராமம் வரை ஓட்டுகிறார். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல், இரண்டு சக்கரத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று தமிழ்நாட்டின் பட்டறைகள் சோதித்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே வரைபடம் எதையும் அச்செடுத்துக்கொண்டு போக வேண்டாம். பால் கேன் கேரியர் செய்யும் பட்டறையைத் தேடிப் போங்கள். பாதி விஷயம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மீதிப் பாதியை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். பால்காரர் போவது மணிக்கு முப்பது கிலோமீட்டரில், நீங்கள் போகப்போவது அறுபதில்.

எவ்வளவு ஏற்றலாம்

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். அதிகபட்சச் சுமை என்று ஓர் எண் இருக்கும். 100 சிசி வண்டிகளில் அது 130 கிலோ அளவில் இருப்பது சகஜம். அந்த எண்ணுக்குள் ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் பெட்டியும் கேரியரும் எல்லாமே அடக்கம். ஓட்டுகிறவர் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சட்டைப்பையில் சாவி வைத்துக்கொள்ளக்கூட இடமில்லை. இருவராகப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு செட் துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தனியாகப் போகிறவருக்குத் தாராளம் உண்டு. ஆனாலும் 60 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று 60 கிலோவையும் ஏற்றக் கூடாது. அந்த எடையைப் போடும்போது உற்பத்தியாளர் மனத்தில் இருந்தது சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் வளைவில் உடம்பைச் சாய்த்துக்கொடுப்பார். பெட்டி அப்படிச் செய்யாது. சிறிய வண்டிக்கு என் அளவு இது: பக்கத்துக்கு எட்டு கிலோ, மேலே ஐந்து கிலோ. அதற்கு மேல் தேவைப்பட்டால் உங்கள் பட்டியலில்தான் தவறு இருக்கிறது.

எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். கீழே, முன்னால், வண்டியின் உடம்பை ஒட்டி: இந்த மூன்றும் பொருந்தினால் வண்டிக்குச் சுமை தெரியாது. பின்சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரம் லேசானால் ஹேண்டில் ஆடும். சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு பெரிய பெட்டி வைத்துக்கொள்வதைவிட இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பெட்டிகள் சிறந்தவை என்பதற்கு இதுதான் காரணம்.

டேப் எடுத்து அளக்க வேண்டியவை

கேன் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அளவெடுங்கள். முதல் அளவு ஹேண்டில்பாரின் அகலம். சின்ன வண்டிகளில் 72 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இரண்டு பெட்டிகளும் மாட்டிய பிறகு பின்பக்கத்தின் மொத்த அகலம் இதைத் தாண்டக் கூடாது. ஹேண்டில் நுழையும் சந்தில் பின்பக்கமும் நுழையும் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் வண்டி ஓட்டுகிறோம். டவுன் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் போகும்போது அந்த நம்பிக்கை பொய்த்தால் விழுவது நிச்சயம்.

அடுத்தது கேரியர் வரப்போகும் இடத்தில் வண்டியின் அகலம். சைலன்சர், சாரி கார்டு, சாக் அப்சார்பர் எல்லாவற்றையும் சேர்த்து, இரண்டு கேரியர்களின் வெளிமுகத்துக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 72-இல் 30 போனால் 42. பக்கத்துக்கு 21 சென்டிமீட்டர். அதாவது உங்கள் கேனின் தடிமன் 21 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 லிட்டர் கேன்கள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டிவிடும். 10 லிட்டர், மிஞ்சினால் தட்டையான 15 லிட்டர் கேன்தான் சிறிய வண்டிக்குப் பொருந்தும். ஆசைக்கு 20 லிட்டரை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கேனின் வெளிமூலைகளையும் பாருங்கள், உரசல் தடம் இருக்கும்.

சீட்டில் உட்கார்ந்து காலை ஊன்றுங்கள். வண்டியைக் காலால் தள்ளிப் பின்னால் எடுக்கும்போது கெண்டைக்கால் எதுவரை போகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் அவருடைய குதிகாலுக்கும் அதே சோதனை. வலப்பக்கம் கிக்கர் இருக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறதே என்று அதை மறந்துவிடாதீர்கள். பேட்டரி இறங்கும் நாள் வரும். அன்று கிக்கரை உதைக்கும் கால் பெட்டியில் இடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பெட்டியின் முன்முகம் இந்தக் குறிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

கேரியர்

கம்பியா பைப்பா என்று பட்டறையில் முதல் கேள்வி வரும். பெரும்பாலான பட்டறைகளில் 12 மில்லிமீட்டர் கம்பி கையோடு இருக்கும், அதையே வளைத்துத் தருகிறேன் என்பார். ஒரு சின்னக் கணக்கு: கம்பியின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். கட்டடக் கம்பி விற்பவர்கள் போடும் அதே கணக்குதான். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 890 கிராம். முக்கால் அங்குல உருண்டை பைப், 16 கேஜ் தடிமனில், மீட்டருக்கு 690 கிராம்தான். ஆனால் வளையாமல் நிற்கும் பலத்தில் பைப் கம்பியைப்போல மூன்று மடங்கு. எடையும் குறைவு, பலமும் அதிகம். பைப்பையே கேளுங்கள். நாற்காலி செய்யும் 18 கேஜ் பைப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது 1.2 மில்லிமீட்டர் தடிமன்தான். வெல்டிங் வைக்கும்போதே ஓட்டை விழும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பும் வேண்டாம். மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் பட்டறைக்காரருக்குக் காய்ச்சல் வரும்.

வடிவம் எளியது. பக்கத்துக்கு ஒரு செவ்வக வளையம். அதை வண்டியோடு இணைக்க மூன்று கைகள். இரண்டு வளையங்களையும் பின்னால் சேர்க்க ஒரு குறுக்குப் பைப். மொத்தம் நாலரை மீட்டர் பைப் போதும், மூன்று கிலோ சொச்சம் வரும்.

அந்தக் குறுக்குப் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த அத்தியாயத்தில் வேறெதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள். பெட்டி வளையத்துக்கு வெளியே தொங்குகிறது. ஆகவே அதன் எடை வளையத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுக்கும், கீழ்ப்பக்கத்தை உள்ளே சக்கரத்தை நோக்கித் தள்ளும். வேகத்தடையில் வண்டி குதித்து இறங்கும் கணத்தில் எட்டு கிலோ பெட்டி எட்டு கிலோவாக இருப்பதில்லை, பல மடங்காகத் தாக்கும். தனித்தனியாக நிற்கும் இரண்டு வளையங்கள் இதைச் சில நூறு கிலோமீட்டர் தாங்கும். பிறகு போல்ட் துளையின் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் விழும். அதன் மேல் பெயின்ட் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டுக்குக் கீழே, மட்கார்டுக்குப் பின்னால் ஒரு பைப்பைக் குறுக்கே போட்டு இரண்டு வளையங்களின் கீழ்ப்பகுதியையும் சேர்த்துவிட்டால், இடப்பக்கத்தின் தள்ளலும் வலப்பக்கத்தின் தள்ளலும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பால் கேன் கேரியரில் இது பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "அண்ணே, பால் கேன் கேரியர் மாதிரிதான், ஆனா பின்னாடி ரெண்டையும் சேர்த்து ஒரு பைப் குறுக்க போட்டுக் குடுங்க. வெல்டிங் வேணாம், போல்ட்டுல கழட்டுற மாதிரி இருக்கட்டும்."

போல்ட்டில் கழற்றும்படி ஏன்? பின்சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அச்சுக் கம்பியைப் பக்கவாட்டில் உருவும்போது கேரியர் குறுக்கே நின்றால் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் முழுக் கேரியரையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். வளையத்தின் அடிப்பகுதி அச்சின் உயரத்துக்கு மேலேயே நிற்கட்டும். செயின் இறுக்கும் நட்டுக்கு ஸ்பானர் போக வழி இருக்கட்டும்.

இனி, எங்கே மாட்டுவது. வண்டியின் சட்டத்தில் நேரடியாக வெல்டிங் வைக்க எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீர்கள். சூடுபட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறும், உள்ளே ஓடும் ஒயர் உருகும், இப்போதைய வண்டிகளில் இருக்கும் மின்னணுப் பெட்டிக்கும் ஆபத்து. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் இடங்களே போதும். சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பியின் போல்ட், சாக் அப்சார்பரின் மேல்முனை, பின் ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் பட்டை: மூன்றும் சட்டத்தோடு அசையாமல் நிற்பவை. சாக்கின் கீழ்முனையில் மட்டும் எதையும் மாட்டக் கூடாது. அது சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு முனை அசையும், மறுமுனை அசையாது என்றால் இடையில் இருப்பது ஒடிந்தே தீரும்.

கைகளின் நுனியில் ஓர் அங்குல அகலம், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையை வைத்து வெல்ட் செய்து, அதில் துளை போடச் சொல்லுங்கள். எம்8 போல்ட்டுக்கு எட்டரை மில்லிமீட்டர் துளை. இன்னொரு பட்டை நடுவில் நுழைவதால் பழைய போல்ட்டின் நீளம் போதாது. புதிதாக நீளமானதை வாங்கும்போது தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நட் நைலாக்காக இருக்கட்டும். சாக்கின் மேல்முனையில் போல்ட்டுக்குப் பதிலாக மரை வெட்டிய முளை இருந்தால், பட்டையைப் போட்டு நட்டை முழுதாக இறுக்கிய பிறகும் ஒன்றிரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

முழு வெல்டிங்குக்கு முன், எல்லாவற்றையும் வண்டியில் வைத்துப் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அப்போதே கேனையும் பிடித்துப் பார்த்து, பின்னால் பத்தடி தள்ளி நின்று இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பாருங்கள். பிறகு கழற்றி, தரையில் வைத்து முழு வெல்டிங். வண்டியில் இருக்கும்போதே புள்ளி வைப்பதானால் பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்கின் மேல் ஈரச்சாக்குப் போடாத பட்டறையில் நிற்காதீர்கள். பைப்பின் திறந்த முனைகளை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே நின்று துருப்பிடிக்கும். ரெட் ஆக்சைடு ஒரு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை. பவுடர் கோட்டிங் அழகுதான், ஆனால் செலவு.

சாரி கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேரியரை மாட்டலாம் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்சக்கரத்தின் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி சொல்கிறது. விதியை விடுங்கள், துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்தைக் கேள்விப்படாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. சாரி கார்டு இருக்கட்டும், அதற்கு மேலாகவே கேரியரை மாட்டலாம்.

சைலன்சர் பக்கம்

கேன் செய்யப்படும் பாலித்தீன் 130 டிகிரிக்கு அருகில் உருகும். அதற்கு வெகு முன்பே குழைந்து கொடுக்கத் தொடங்கும். சைலன்சருக்கும் கேனுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். அதோடு ஒரு தகடும் வேண்டும். இதற்கு அச்சகங்களில் தூக்கிப் போடும் ஆஃப்செட் பிளேட்டைவிட மலிவான பொருள் இல்லை. அது மெல்லிய அலுமினியத் தகடு. சிவகாசியில் மட்டுமில்லை, அச்சகம் இருக்கும் எந்த ஊர்ப் பழைய சாமான் கடையிலும் எடைக்குக் கிடைக்கும். இரண்டு மடிப்பாக மடித்து, ஓரத்தைத் தட்டி மழுக்கி, வளையத்தின் அடியில் கட்டிவிடுங்கள். கேனோடு ஒட்டி வைத்தால் பயன் இல்லை. தகட்டுக்கும் கேனுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும், சூட்டைத் தடுப்பது அந்தக் காற்றுதான்.

கேனைப் பெட்டியாக்குவது

சமையல் எண்ணெய் வந்த கேன்தான் முதல் தேர்வு. ஹோட்டல்களிலும் பழைய பிளாஸ்டிக் கடைகளிலும் கிடைக்கும். சோப்புத்தூளும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் கழுவினால் பிசுக்கு போய்விடும். பூச்சிமருந்து, ஆசிட் வந்த கேன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அதில் வைத்த துணியை உடுத்த மனம் வராது, உடுத்தவும் கூடாது. கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது நமக்கு வேண்டிய கெட்டிப் பாலித்தீன். வெள்ளையைவிட நீலமும் கறுப்பும் வெயிலை அதிக காலம் தாங்கும்.

மூடிக்கு எங்கே வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. வெளிப்பக்கத்தில் கதவுபோல வெட்டினால் திறக்கும்போது உள்ளிருப்பது எல்லாம் சாலையில் கொட்டும். மேல்பக்கத்தில், தோள்பகுதிக்கு ஓர் அங்குலம் கீழே, மூன்று பக்கமும் வெட்டி வண்டியை ஒட்டிய பக்கத்தை மட்டும் விடுவது என் கட்சி. வெட்டு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முதலில் 6 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் வெட்டு அங்கே நிற்காமல் விரிசலாகக் கீழே ஓடும். ஆக்சா பிளேடு போதும். கத்தியைக் காய்ச்சி வெட்டுவது வேகமானது, ஆனால் ஓரம் குழம்பிப்போய் மூடி பொருந்தாது. வெட்டாமல் விட்ட பக்கம் சில மாதம் கீலாக வேலை செய்துவிட்டுக் கிழியும். அப்போது கடையில் இரண்டு சின்னக் கீல் வாங்கி ரிவெட் அடித்துக்கொள்ளலாம்.

ஃபெவிகுவிக், எம்-சீல், எந்தப் பசையும் இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது. பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், மறுநாள் தோலாக உரிந்து வரும். ஆகவே எல்லா இணைப்பும் போல்ட்டோ ரிவெட்டோதான். பிளாஸ்டிக் சுவரில் போல்ட்டை மட்டும் இறுக்கினால் அது சுவரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கேனின் உள்ளே, வண்டிப் பக்கச் சுவர் முழுவதற்கும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை வெட்டி வையுங்கள். கேனின் வாய்க்குள் அது நுழையாவிட்டால் இரண்டு துண்டாகப் போடலாம். வெளியே இரும்புப் பட்டையில் வளைத்த இரண்டு கொக்கிகள். போல்ட் கொக்கி, கேன், பிளைவுட் மூன்றையும் துளைத்துப் போகும், உள்ளே பெரிய வாஷர். கொக்கிகள் கேரியர் வளையத்தின் மேல் பைப்பில் உட்காரும். கீழே ஒரே ஒரு போல்ட், கையால் திருகும் விங் நட்டோடு. லாட்ஜில் இறங்கும்போது அதை மட்டும் கழற்றிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கேனுக்கு ஏற்கெனவே கைப்பிடி இருப்பது கூடுதல் வசதி. கொக்கியின் உள்பக்கம் பழைய டியூப் துண்டைச் சுற்றினால் கடகட சத்தம் வராது.

தண்ணீர் புகாத பெட்டி செய்கிறேன் என்று சிலர் வாரக்கணக்கில் ரப்பர் ஓரம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். வேண்டாத வேலை. ஐப்பசி மழையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் எங்கிருந்தும் வரும். பெட்டி அடியும் தூசும் தாங்கினால் போதும், ஈரத்தைத் தடுக்க உள்ளே தடித்த பாலித்தீன் பை ஒன்று. பையின் வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் போட்டுக் கட்டினால் நூறு ரூபாய்க்குள் காரியம் முடிந்தது. வெளியே உறை வேண்டுமென்றால் பழைய பிளெக்ஸ் பேனர் இருக்கிறது. தலைவர் முகம் உள்பக்கம் வருமாறு தைத்துக்கொண்டால் ஊர் எல்லையில் கேள்வி வராது. கேனின் அடியில் இரண்டு சின்னத் துளைகளும் போட்டுவிடுங்கள், உள்ளே வந்த தண்ணீர் வெளியேறட்டும்.

துணிப்பையே போதும் என்கிறவர்களுக்கு

வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் கேனும் வெட்டலும் அதிகம்தான். லாரித் தார்ப்பாய்த் துணியில் இருபக்கப் பை தைத்துச் சீட்டின் மேல் போட்டுக்கொள்ளலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மாதிரி லாரி ஊர்களில் தார்ப்பாய் தைக்கிறவர்கள் தெருத் தெருவாக உண்டு. மற்ற ஊர்களில் சீட் கவர் தைக்கும் கடை. நூல் நைலான் நூலாக இருக்க வேண்டும். நாடா பையின் வாயில் மட்டும் தைக்கப்படாமல் அடிவரை சுற்றி வர வேண்டும், எடையைத் தாங்குவது துணியாக இல்லாமல் நாடாவாக இருப்பதற்கு. ஆனால் பைக்கும் கேரியர் வளையம் தேவை. வளையம் இல்லாமல் தொங்கும் பை வளைவில் உள்ளே ஊசலாடி, ஒரு பக்கம் சைலன்சரைத் தொடும், மறுபக்கம் சக்கரத்தைத் தொடும்.

கருவிகளுக்குத் தனி இடம் வேண்டும். துணியோடு ஸ்பானரைப் போட்டால் துணியெல்லாம் கிரீஸ். கழிவுநீருக்குப் போடும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் ஓரடி, ஒரு முனையில் ஒட்டும் மூடி, மறுமுனையில் திருகு மூடி. கேரியரின் குறுக்குப் பைப்பில் இரண்டு கிளாம்ப் போட்டுப் படுக்கவைத்துவிட்டால் பஞ்சர் சாமான், ஸ்பானர், ஒரு ஸ்பேர் டியூப் எல்லாம் அதற்குள் அடங்கும். எஞ்சின் பக்கமோ சைலன்சர் பக்கமோ கொண்டுபோகாதீர்கள், பி.வி.சி. சூட்டில் சீக்கிரம் வளைந்துவிடும்.

மேலே கட்டுகிற பைக்கு, கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். இழுத்துப் பிடித்த கொக்கி நழுவினால் நேராகக் கண்ணைத் தேடி வரும். சைக்கிள் கடையில் பழைய டியூபை நீளமாகக் கீறித் தரும் பட்டை அதைவிட மலிவு, அதைவிட இறுக்கம், கொக்கியும் இல்லை. கட்டிய பின் மிச்சம் நீளும் வாலை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள். சக்கரம் அதை விடாது.

ஓட்டிப் பார்ப்பது

கேரியர் மாட்டியதும் பயணம் கிளம்பக் கூடாது. முதலில் வெறும் பெட்டியோடு ஊருக்குள், அடுத்து முழுச் சுமையோடு ஐம்பது கிலோமீட்டர். சுமை ஏற்றுமுன் வீட்டில் பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பதுபோல ஒரு கொக்கித் தராசு இருந்தால் இரண்டு பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோவைத் தாண்டினால் மாற்றி அடுக்குங்கள். பின்சக்கரக் காற்று இருவர் போகும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒருவருக்கு 28, இருவருக்கு 41 பிஎஸ்ஐ என்று கையேட்டில் இவ்வளவு வித்தியாசம் போட்டிருக்கும் வண்டிகள் உண்டு, தனியாகப் போகிறோம் என்று 28-லேயே விட்டுவிடக் கூடாது. சாக்கில் படிப்படியாக இறுக்கும் வசதி இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், அதையும் இறக்க வேண்டும்.

எல்லா நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். டீ குடிக்க நிற்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் போதும். கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது. அறுபதுக்கு மேல் போகும்போது பின்பக்கம் பாம்புபோல நெளிந்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள், தானாக அடங்கும். அடங்கிய பிறகு நிறுத்தி மேலே இருக்கும் எடையைக் கீழே மாற்றுங்கள்.

போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்பது எல்லோருக்கும் இருக்கும் கவலை. இரு சக்கர வண்டியில் வைக்கும் பெட்டிக்கு 2020-இல் 123-ஆவது விதியில் அளவு கொடுத்திருக்கிறார்கள்: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500. பின் இருக்கையில் பெட்டி வைத்தால் ஓட்டுகிறவர் மட்டுமே போகலாம். நம் கேன்கள் இந்த அளவுக்கு வெகு உள்ளே நிற்பவை. கேரியரை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் மாட்டியிருப்பதும் இங்கே உதவும், வண்டியை மாற்றிவிட்டாய் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் நிறுத்திக் கேட்பது வேறு காரணத்துக்கு: நம்பர் பிளேட் மறைந்திருக்கும், அல்லது இண்டிகேட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இண்டிகேட்டரைக் கழற்றிக் குறுக்குப் பைப்பின் இரு முனையிலும் மாட்டிக்கொள்ளலாம், ஒயரை ஓரடி நீட்டினால் போதும். கிளம்பும் அன்று காலையில் வீட்டில் யாரையாவது பின்னால் இருபதடி தள்ளி நிற்கவைத்து, பிரேக் விளக்கும் இரண்டு இண்டிகேட்டரும் நம்பரும் தெரிகின்றனவா என்று கேளுங்கள். தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.